மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில்

மார்ச் 3

அக்காவுக்கு,

இங்கே என் மானத்தைத் தவிர எல்லோரும் சுகம். உன் தையல் ஆறிவிட்டதா? அத்தான் இன்னும் வாயைத் திறக்காமல் பள்ளிப் பஸ் ஹாரனாலேயே குடும்பம் நடத்துகிறாரா?

அசிங்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லி நீ தெரிந்துகொண்டால் இன்னும் கேவலம். நேற்றுக் காலை, நான் பராமரிக்கும் லிஃப்டுக்குள், ஒரு பாட்டு டீச்சரின் முன்னிலையில், என் கிரீஸ் வாளிமேல் உட்கார்ந்துவிட்டேன். களைப்பாற உட்காரவில்லை.

உனக்குப் பெருங்குடலில் இருந்த கட்டியை எடுத்த டாக்டர், "கூடப் பிறந்தவங்க யாராவது இருந்தா அவங்களும் குழாய் விட்டுப் பார்த்துக்கணும்" என்றாராம். நீயும் எழுதிவிட்டாய். உன் தம்பி மனைவி சும்மா இருப்பாளா? மருந்துக்கடையில் வேலை பார்ப்பவளுக்கு ஆஸ்பத்திரியில் தேதி வாங்குவது பக்கத்து வீட்டில் சர்க்கரை வாங்குவது மாதிரி. வாங்கிவிட்டாள். வயிற்றைச் சுத்தம் செய்ய ஒரு மருந்து கொடுத்தார்கள். கடல் தண்ணீரில் எலுமிச்சம்பழத்தைத் தூரத்திலிருந்து காட்டினால் எப்படியோ, அப்படி ஒரு ருசி. குடம் குடமாகக் குடித்தேன். விடிவதற்குள் நான் கழிப்பறைக்குக் குடிவந்த மாதிரியும் வீட்டுக்கு விருந்தாளி மாதிரியும் ஆகிவிட்டது.

பதினொரு மணிக்குப் பரிசோதனை. அதற்குள் ஒரு கட்டடத்திலிருந்து போன், ஆறாம் மாடிக் கதவு சரியாக மூடவில்லையாம். போகாதே என்று அவள் கத்தினாள். நான் கேட்டேனா? "பத்து நிமிஷ வேலைடி. நீ டாக்ஸியோட கீழ வந்து நில்லு, இறங்கி வந்துடறேன்" என்றேன். கதவையும் சரிசெய்தேன். இறங்கும்போது அந்த மாடிப் பாட்டு டீச்சரும் ஏறிக்கொண்டார். நான்காம் மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் நின்றுவிட்டது.

அலாரம் ஊமை. போனில் சிக்னல் இல்லை. டீச்சர் பயந்து நடுங்கினார். "பயப்படாதீங்கம்மா, இருபத்தஞ்சு வருஷ அனுபவம்" என்று தைரியம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மிச்சமிருந்த மருந்து தன் அனுபவத்தைக் காட்ட ஆரம்பித்தது. "அம்மா, கொஞ்சம் சுவர் பக்கம் திரும்பிக்கிறீங்களா?" என்றேன். பெரிய மனுஷி. திரும்பியதோடு நிற்கவில்லை, சத்தம் வெளியே தெரியக்கூடாது என்று உரக்கப் பாடவும் ஆரம்பித்துவிட்டார். எனக்கு மேளதாளத்தோடு நடந்த காரியங்கள் என் கல்யாணமும் இதுவும்தான்.

ஒரு மணி நேரம் கழித்து ஒரு கம்பியைத் தட்டினேன், ஓடிவிட்டது. கீழே டாக்ஸியில் உன் தம்பி மனைவி. அவள் முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் என் முறை போய்விட்டது. விதி, அக்கா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
மானம் போன வாலு

*

மார்ச் 12

வாலு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் கடிதத்தைப் படிக்கும்வரை இன்னும் நன்றாக இருந்தேன். சிரித்ததில் தையல் இழுத்தது. சம்பந்தியும் கூடவே குரல் கொடுத்தார்.

சம்பந்தி யார் என்று முழிக்காதே. ஆபரேஷனுக்குப் பிறகு குடல் ஆறும்வரை என் வயிற்றில் ஒரு பை ஒட்டியிருக்கிறார்கள், அதற்கு நான் வைத்த பெயர். நாலு பேர் இருக்கும்போதுதான் சத்தம் போடுவார். எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்க முடியாது. என்ன செய்தாலும் மரியாதையாகவே கவனிக்க வேண்டும். வேறு என்ன பெயர் வைப்பது?

சிரித்து முடித்துவிட்டேன். இப்போது சொல், அடுத்த தேதி எப்போது?

போனில் கேட்டால் நீ பேச்சை மாற்றிவிடுவாய் என்றுதான் எழுத்தில் கேட்கிறேன். நம் குடும்பத்தில் எல்லா வியாதிக்கும் ஒரே பெயர், வாயு. அப்பா மெலிந்துகொண்டே போனபோதும் வாயு என்றோம். அவர் போன பிறகுகூட யாரோ துக்கம் விசாரித்தபோது நீ "வாயுதான்" என்றாய். நான் மட்டும் என்ன கிழித்தேன்? ரத்தம் வந்தது. மூலம் என்று நானே முடிவு செய்து, என் சலூனில் முடி வெட்ட வந்தவர்கள் சொன்ன கைவைத்தியம் ஒன்று விடாமல் முக்கால் வருஷம் செய்தேன். "ரெண்டு மூணு வருஷம் முன்னாடி, ஒண்ணுமே தெரியாதப்ப வந்திருந்தா, மொட்டா இருக்கும்போதே கிள்ளிப் போட்டிருக்கலாமே" என்றார் டாக்டர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மருந்து ஏற்ற ஆரம்பித்தாயிற்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. முடி கொஞ்சம் மெலியலாம், முழுக்கக் கொட்டாது என்கிறார்கள். சலூன்காரி மொட்டையாக நின்றால் யார் உள்ளே வருவார்கள் என்று ஒரு கவலை இருந்தது, விட்டது.

தேதியை எழுது.

அக்கா

*

மார்ச் 26

அக்காவுக்கு,

நலம். சம்பந்திக்கு என் வணக்கங்கள்.

தேதிதானே, கேட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் ஒரே கூட்டம் போலிருக்கிறது. என்னைவிட அவசரமானவர்கள் எத்தனையோ பேர். முந்திக்கொண்டு போவது நாகரிகமா?

உனக்கு ஒரு சேதி. அந்தப் பாட்டு டீச்சர் இப்போது என்னைப் பார்த்தால் படியில் இறங்கிப் போகிறார். லிஃப்டுக்குப் பயமா, வாளிக்குப் பயமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஐந்தாம் மாடி வக்கீல் வீட்டு நாய் லிஃப்டில் ஏறியதும் மூலையை மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறது. கட்டடத்துக்கே விஷயம் தெரியும், நாய்க்கு மட்டும்தான் ஆதாரம் கிடைத்திருக்கிறது.

இவள் என்னோடு பேசி ஒரு வாரம் ஆகிறது. தட்டை மேஜையில் வைக்கும் சத்தத்திலேயே சகலமும் சொல்லிவிடுகிறாள்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. வாய்க்குப் பிடிக்கிறதா?

வாலு

*

ஏப்ரல் 7

வாலு,

சாப்பிடுகிறேன். வாயில் ஒரு இரும்பு ருசி, மற்றபடி சுகம்.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இந்த மருந்துக்குக் குளிர்ச்சி ஆகாது. ஃபிரிட்ஜைத் திறந்தால் விரல் நுனியில் ஊசி. பச்சைத் தண்ணீர் தொண்டையில் கண்ணாடித் தூள். கத்தரிக்கோல் இரும்பாயிற்றே, அதையும் தொட முடியவில்லை. வெந்நீர்த் துண்டில் சுற்றிவைத்து எடுத்துப் பார்த்தேன். பிடித்திருக்கிறேனா இல்லையா என்று கைக்குத் தெரியவில்லை. ஒருத்தியின் காதைப் பார்த்ததும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். வேலையெல்லாம் கடைப் பெண் பார்க்கிறாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து வம்பு பேசுகிறேன். அதற்கும் ஆள் வேண்டுமே.

உன் கடிதத்தில் நாய் இருந்தது, வக்கீல் இருந்தார், தேதியைக் காணோம்.

கட்டடக்காரர்களிடம் நீ சொல்வாயே, ஞாபகம் இருக்கிறதா? "ஓடிக்கிட்டிருக்கிற லிஃப்டைத்தான் சார் சோதிக்கணும். நின்ன பிறகு பார்த்தா அதுக்குப் பேர் சோதனை இல்ல, ரிப்பேர்." ஊருக்கெல்லாம் இந்த உபதேசம். நான் ரிப்பேரில் இருக்கிறேன். நீ ஓடிக்கொண்டிருக்கிறாய். எனக்கு அது போதும், ஆனால் சோதித்துச் சொல்.

அக்கா

*

ஏப்ரல் 21

அக்காவுக்கு,

சுகம். இதோடு கம்பளிக் கையுறை அனுப்பியிருக்கிறேன். கடைக்காரர் வெயில் காலத்தில் எதற்கு என்று கேட்டார். அக்கா பனி மலை ஏறப் போகிறாள் என்றேன். "வயசு?" என்றார். சொன்னேன். விலையைக் குறைத்துக் கொடுத்தார்.

தேதி விஷயம். போன வாரம் போவதாகத்தான் இருந்தேன், சளி பிடித்துவிட்டது. மூக்கில் சளியோடு பின்பக்கம் குழாய் விடலாமா என்று யாரிடம் கேட்பது? இந்த மாதம் லிஃப்டுகளுக்கு ஆண்டுச் சோதனை வேறு, கட்டடம் கட்டடமாகக் கயிறு பார்க்கிறேன். எனக்கு ஒன்றும் இல்லை, அக்கா. பசிக்கிறது, தூக்கம் வருகிறது, இவள் திட்டுவது தெளிவாகக் காதில் விழுகிறது. ஆரோக்கியத்துக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

பதில் போடு. இரண்டு வரி போதும்.

வாலு

*

மே 10

அக்கா,

பதில் இல்லையே. கையுறை கிடைத்ததா? கை வலித்தால் அத்தானை எழுதச் சொல். போன் அடித்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. இந்தத் தடவை வேடிக்கை எதுவும் எழுதவில்லை. எழுத வரவில்லை.

வாலு

*

மே 18

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிக்கிறேன். எனக்குப் பள்ளிப் பஸ் ஓட்டத்தான் தெரியும், கடிதம் எழுதிப் பழக்கமில்லை. குற்றம் குறை இருந்தால் பொறுக்கவும்.

உங்கள் அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மருந்தால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்து காய்ச்சல் வந்துவிட்டது. நான்கு நாள் மோசமாக இருந்தது. உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இப்போது காய்ச்சல் இறங்கிவிட்டது, கஞ்சி குடிக்கிறாள். ஆகவே எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய கையுறையைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். ஊசி போட வரும் நர்ஸிடம் சண்டை.

ஒன்று சொல்ல வேண்டும். காய்ச்சல் அதிகமாக இருந்தபோது அவள் வேறு எதுவும் பேசவில்லை. கண்ணைத் திறக்கும்போதெல்லாம் "போனானா? போனானா?" என்றுதான் கேட்டாள். எனக்குத் தாங்கவில்லை. "போயிட்டான், ஒண்ணும் இல்லையாம்" என்றேன். அதற்குப் பிறகுதான் தூங்கினாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவளிடம் சொன்ன முதல் பொய் இது. அவள் வீட்டுக்கு வந்ததும் உங்கள் கடிதத்தைத் தேடுவாள். என் வாக்கை மெய்யாக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. அதிகம் எழுதிவிட்டேன்.

அத்தான்

*

(தேதி போடவில்லை)

அன்பு அக்காவுக்கு,

அங்கே காய்ச்சல் விட்டு நீ எழுந்து உட்கார்ந்திருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

போய்விட்டு வந்தேன். எப்போது என்று கேட்காதே. எனக்குத் தேதிகள் நினைவில் நிற்பதில்லை என்று உனக்கே தெரியும்.

இந்தத் தடவை வேலைக்குப் போகவில்லை. இவள் போகவிடவும் இல்லை. என் கருவிப்பையை எடுத்துப் பீரோவில் பூட்டிவிட்டாள். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இருந்தது, நல்ல லிஃப்ட். ஆனாலும் என் கையைப் பிடித்துப் படியில் ஏற்றினாள். நல்லதுதான், எதையும் நம்ப முடியாது பார்.

ஒரு அங்கி கொடுத்தார்கள். அதைத் தைத்தவருக்கு முன்பக்கம் முடித்ததும் துணி தீர்ந்துவிட்டிருக்க வேண்டும். பின்னால் கையை வைத்து மூடிக்கொண்டே ஒரு நீள நடையைக் கடந்தேன். எதிரே இன்னொருவர் அதே அங்கியில், அதே மாதிரி கையை வைத்துக்கொண்டு வந்தார். வணக்கம் சொல்ல வேண்டும், கையை எடுக்க முடியாது. இருவரும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டோம்.

இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். நர்ஸ் நரம்பில் ஊசி போட்டார். "எதாவது நல்லதா நினைச்சுக்குங்க" என்றார். நினைப்பதற்குள் தூங்கிவிட்டேன். அவ்வளவுதான், அக்கா. நான் இத்தனை நாள் எதற்கு ஓடினேனோ அது நடந்தபோது நான் அங்கே இல்லவே இல்லை. முழிப்பு வந்ததும் "எந்த மாடி?" என்று கேட்டேனாம். வார்டே சிரித்ததாம்.

டாக்டர் படம் காட்டினார். என் உள்பக்கம். நான் பார்த்த லிஃப்ட் குழிகளிலேயே அதுதான் சுத்தம், வெளிச்சம். ஆனால் இரண்டு இடத்தில் சுவரில் மொட்டு மாதிரி. பாலிப் என்றார். ஒன்று மிளகு, ஒன்று திராட்சை. பார்த்த கையோடு கம்பிச் சுருக்குப் போட்டு எடுத்துவிட்டார், எனக்கு வலிக்கவே இல்லை. சோதனைக்கு அனுப்பி முடிவும் வந்துவிட்டது. இன்னும் புற்று இல்லை. "இன்னும்" என்று அவர்தான் சொன்னார். அந்தத் திராட்சையை அப்படியே விட்டிருந்தால் சில வருஷத்தில் உனக்கு வந்ததே எனக்கும் வந்திருக்கலாமாம். மூன்று வருஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

நான் வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். வேடிக்கையாக என்ன எழுதலாம் என்று யோசித்தேன். திராட்சை என்று எழுதலாம் என்று தோன்றியது, அதுதான் மேலே எழுதியிருக்கிறேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

நீ சொல்லாவிட்டால் நான் போயிருக்க மாட்டேன். நீ நன்றாக இருக்க வேண்டும்.

வாலு

*

ஜூன் 9

வாலு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். கஞ்சியிலிருந்து சோற்றுக்குப் பதவி உயர்வு.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை அங்கிக்குச் சிரித்தேன். இரண்டாம் தடவை திராட்சையிலேயே நின்றுவிட்டேன். அதைத் தாண்டிப் போகவே முடியவில்லை. அத்தான் காபிக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

தேதி போடாத மகாபுத்திசாலி. உறையில் தபால் முத்திரை இருக்குமே, அதை நினைத்தாயா? போகட்டும். அது இல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். பொய் சொன்னால் அத்தானுக்குக் காது சிவக்கும். காய்ச்சலிலும் எனக்குக் கண் தெரியும். பொய் என்று தெரிந்துதான் தூங்கினேன். இந்த மனுஷன் ஒரு பொய் சொல்லியிருக்கிறார், அதைக் காப்பாற்ற என் தம்பி கட்டாயம் ஓடுவான் என்று ஒரு நிம்மதி.

உன் பிள்ளைகளிடமும் சொல்லி வை. நாற்பது வயசுக்குக் காத்திருக்க வேண்டுமா, முன்னாலேயே பார்க்க வேண்டுமா என்று உன் டாக்டரையே கேட்டுக்கொள். நம் வீட்டில் இனி வாயு என்ற வார்த்தையைச் சொன்னவர்களுக்குச் சோறு கிடையாது.

மருந்து இன்னும் ஐந்து தடவை பாக்கி. முடித்துவிடுவேன்.

அக்கா

*

அக்டோபர் 2

வாலு,

எல்லோரும் சுகம், இந்தத் தடவை எழுத்துக்கு எழுத்து உண்மை.

சம்பந்தி ஊருக்குக் கிளம்பிவிட்டார். பையை எடுத்து, குடலைச் சேர்த்துத் தைத்தாயிற்று. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அடுத்த ஸ்கேன்வரை ஒன்றும் இல்லை என்பதை, ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன். விரல் நுனி இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று அத்தானை நாற்காலியில் உட்காரவைத்து முடி வெட்டிப் பார்த்தேன். கொஞ்சம் கோணல். காது இரண்டும் பத்திரம். "நல்லா இருக்கு" என்றார். காது சிவந்தது.

அந்த வாளிக் கதையைச் சலூனில் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன், கோபிக்காதே. அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு இரண்டு பேர் பரிசோதனைக்குத் தேதி வாங்கியிருக்கிறார்கள். லிஃப்ட் நிற்காமல் இருந்தால் இந்தக் கதை ஏது?

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல்.

அக்கா

*

அக்டோபர் 15

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் பார்த்து வீடே சிரித்தது. உடம்பை அலட்டிக்கொள்ளாதீர்கள். இதை உங்கள் தம்பிக்குத் தெரியாமல் மருந்துக்கடையிலிருந்து எழுதுகிறேன்.

நேற்று அந்தப் பாட்டு டீச்சர் மாத்திரை வாங்க வந்தார். உங்கள் சலூனில் இந்தக் கதை பிரபலமாகியிருப்பதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அப்படியா சொல்லியிருக்கார்?" என்று கேட்டுவிட்டு, கூட்டம் போகும்வரை ஓரமாக நின்றார்.

"நான் பயப்படவே இல்லம்மா. நடுங்கினது அவர். 'அக்காவுக்கு வந்தது எனக்கும் வந்துட்டா, அவளை யாரு சிரிக்க வைப்பா'ன்னு கேட்டுக் கேட்டு அழுதார். உங்களுக்குக் கேட்டுடக் கூடாதுன்னுதான் பாடினேன். வாளி எல்லாம் அப்புறம். அந்த லிஃப்டுக்கு ஒண்ணுமே ஆகல. நீங்க கீழ டாக்ஸியோட நிக்கிறதை லிஃப்டுல தெருப்பக்கம் இருக்கிற சின்னக் கண்ணாடி வழியாப் பார்த்தார். பார்த்துட்டு அவரேதான் லிஃப்டை நிறுத்துற சிவப்பு சுவிட்சை அழுத்தினார்" என்றார்.

உங்கள் தம்பி மனைவி